கிரைண்டர் ஓடுகிற நேரம்

எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை மாவு அரைப்போம். உளுந்துக்கு 30 நிமிடம், அரிசிக்கு 25 நிமிடம். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டால் அந்த 55 நிமிடமும் நான் என்ன கத்தினாலும் கூடத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காது. பிள்ளையைப் பறிகொடுத்தவளாக அங்கே அழுதிருக்கிறேன். ஊர்ப் பஞ்சாயத்தைச் சபித்திருக்கிறேன். ஒரு முறை கொலையும் செய்திருக்கிறேன். நடுநடுவே ஓரத்தில் ஒட்டிய மாவைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான். கை ஒரு வேலையில் இருக்கும்போது வசனம் ஏறுகிற மாதிரி, பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு ஏறுவதில்லை.

குரோம்பேட்டையில் இருக்கிறோம். நான், கணவர், அத்தை, 15 வயது மகள், 9 வயது மகன். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டிலேயே படிக்கிறார்கள். நான் ஒரு சின்ன நவீன நாடகக் குழுவில் 11 வருடமாக நடிக்கிறேன். இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, “எப்படிங்க சமாளிக்கிறீங்க?” வழக்கமாகச் சிரித்து மழுப்பிவிடுவேன். பல நாள் சமாளிக்கவில்லை என்பதுதான் நிஜம். சமாளித்த நாட்களில் என்ன செய்தேன், சமாளிக்காத நாட்களில் எங்கே சறுக்கினேன் என்று ஒரு முறை முழுசாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

வீட்டுக் கல்வி எங்களுக்குக் கொள்கையாக வந்த விஷயமில்லை. பெரியவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது தினமும் காலையில் வேன் வருகிற நேரத்துக்குச் சரியாக வாந்தி எடுப்பாள். சனி ஞாயிறில் எடுக்க மாட்டாள். டாக்டர் வயிற்றைப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று நிறுத்தினோம். அந்த ஒரு மாதம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சின்னவன் பள்ளி வாசலையே மிதிக்கவில்லை.

அப்போது நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். வேலையை விட்டேன். நாடகத்தை விடவில்லை. என் அம்மாவுக்கு இன்று வரை ஆறாத விஷயம் இது. “மாசம் பொறந்தா சம்பளம் வர்ற வேலையை விட்டவ, கைக்காசு போட்டு ஆடற கூத்தை விட மாட்டேங்கிறியே?” அவர் கேட்டதில் தப்பில்லை. போன நாடகத்துக்கு ஐந்து காட்சிகள் சேர்த்து என் கைக்கு வந்தது 3,000 ரூபாய். ரயில், ஆட்டோ, ஒத்திகை நாட்களில் வாங்கிப்போன டிபன் எல்லாம் சேர்த்துப் போனது 4,700.

மாமா ஒருவர் கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால், “என்னம்மா, பசங்களை பாய்ஸ் கம்பெனியில சேர்த்துவிடப் போறியா?” என்றார். அந்தக் காலத்தில் சிறுவர்களையே வைத்து நாடகம் போட்ட குழுக்களுக்குத்தான் பாய்ஸ் கம்பெனி என்று பெயர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தால் அவர் அறியாமல் நல்ல இடத்தில் கை வைத்திருந்தார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் நடத்திய பாலர் சபாவில், பின்னாளில் பெரிய நாடகக்காரர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது அவர்களில் ஒருவரான டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. சாப்பாடு, தூக்கம், பாட்டு, பாடம், அடி எல்லாம் கம்பெனியிலேயே. தமிழ்நாட்டில் பள்ளிக்குப் போகாமல் நாடகத்தோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு நூறு வருடக் கதை இருக்கிறது. அதில் எல்லாமே இனிப்பான கதை இல்லை என்பதும் தெரியும்.

சட்டத்தைப் பற்றி எல்லோரும் கேட்பதால் சுருக்கமாக. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறது. கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 2012 திருத்தத்தில் வீட்டிலிருந்து கற்கும் வாய்ப்பைக் குறிப்பிட்டதைத் தவிர, எங்களைப் போன்றவர்களைப் பற்றி அதில் வெளிப்படையாக எதுவும் இல்லை. தெளிவில்லாத அந்த இடத்தில்தான் நாங்கள் இருக்கிறோம். பத்தாம் வகுப்புக்கு என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. 14 வயது முடிந்திருந்தால் போதும். ஒரு மொழி உட்பட ஐந்து பாடம் தேற வேண்டும். ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் தேர்வு. என் மகள் இரண்டு மூன்று பாடமாகப் பிரித்து எழுதுகிறாள். தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்பதால், கணக்குக்கும் தமிழுக்கும் அவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம்.

இனி நான் செய்த பெரிய தப்புக்கு வருகிறேன்.

முதல் நான்கைந்து வருடம் பிள்ளைகளை ஒத்திகைக்கு அழைத்துப் போனேன். விட்டுவிட்டுப் போக வேறு வழியில்லை என்பது ஒரு காரணம். ஆனால் வெளியில் நான் சொன்ன காரணம் வேறு. “அவங்களுக்கு இதுவே பெரிய படிப்பு” என்பேன். மொழி வருகிறது, கூச்சம் போகிறது, வரலாறு தெரிகிறது என்று பட்டியலே வைத்திருந்தேன். மேடையின் நீள அகலத்தை அளக்கச் சொல்வேன். ஸ்பாட் லைட்டைக் காட்டி நிழல் ஏன் நீள்கிறது என்று கேட்பேன். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் காட்சி என்றால், கட்டடம் 1896-இல் திறந்தது என்று ஆரம்பித்துவிடுவேன். திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்கப் போன பிள்ளைகளைக்கூடச் சும்மா விட்டதில்லை.

பெரியவளுக்கு 11 வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நுங்கம்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடியில் ஒத்திகை. ஷாமியானா கூடக் கிடையாது, தரைச் சூடு காலைச் சுட்டது. அவள் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாக, யாரும் சொல்லாமல், ஒரு மணி நேரமாக அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இடைவேளையில் டீயோடு அவளிடம் போனேன். நான் கேட்டது இதுதான். “120 சீட், டிக்கெட் 200 ரூபா, முக்கால் பங்கு வித்துச்சுன்னா எவ்வளவு வசூல் வரும், சொல்லு?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஏம்மா எல்லாத்தையும் பாடமாக்குறே? நாடகம் பார்த்துட்டிருக்கேன்ல.”

18,000 என்று விடையையும் சொல்லிவிட்டுத்தான் திரும்பிக்கொண்டாள். அதுதான் இன்னும் உறுத்தியது.

அன்றைக்கு ரயிலில் வரும்போது யோசித்தேன். பிள்ளைகளுக்காக நாடகம் என்று ஏன் இத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்? எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் போகிறேன் என்று சொல்ல வெட்கம். ஆண் ஒருவர் மாலையில் ஷட்டில் ஆடப் போனால் யாரும் காரணம் கேட்பதில்லை. ஒரு அம்மா இரவு 9 மணிக்கு வீடு திரும்ப ஏதாவது ஒரு அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கிறது. என் பிள்ளைகளைத்தான் நான் அந்தச் சீட்டாக எழுதிக்கொண்டிருந்தேன்.

இரவு சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். “நான் நாடகத்துக்குப் போறது எனக்காகத்தான். அவங்க படிப்புக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.” கணவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே, “அது எங்களுக்கெல்லாம் தெரியும். நீதான் இத்தனை நாளா வேற என்னவோ சொல்லிட்டிருந்தே” என்றார்.

இதற்கப்புறம் நடைமுறையில் நிறைய மாறியது. எனக்காக என்று ஒத்துக்கொண்டால், அந்த நேரத்தை வாயைத் திறந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும். பிள்ளைகள் படிப்பு என்ற பெயரில் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ள முடியாது.

முதலில் அத்தையிடம் கேட்டேன். அதுவரை அவர் வீட்டில்தானே இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று நானாக நினைத்துக்கொண்டுதான் கிளம்புவேன். வாரத்தில் எத்தனை மாலை உங்களால் முடியும் என்று நான் கேட்டதே கிடையாது. கேட்டபோது, “செவ்வாய், வெள்ளி கோயில். அது தவிர மூணு நாள் பார்த்துக்கறேன். எட்டு மணிக்கு மேல சின்னவனைச் சாப்பிட வைக்கிற வேலை மட்டும் என்கிட்ட வேணாம், என் சீரியல் போயிடுது” என்றார். இத்தனை வருடமாக அவர் சீரியல் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது சின்னவன் ஏழரைக்கே சாப்பிட்டுவிடுகிறான்.

அத்தை இன்னொரு உதவியும் செய்கிறார். எதிர் ஆள் வசனத்தைப் படித்து எனக்குக் கியூ கொடுப்பார். ரேஷன் கடையில் சாமான் பெயர் வாசிக்கிற மாதிரி ஒரே தொனியில் வாசிப்பார். “அடிப்பாவி நீயா என் மகனைக் கொன்றாய் எழுந்திரு.” நிறுத்தம் கிடையாது, ஏற்ற இறக்கம் கிடையாது. ஆனால் அதுதான் நல்லது என்று பிறகு புரிந்தது. எதிர் ஆளின் உணர்ச்சியைப் பிடித்துத் தொங்காமல் என் வசனம் தானாக நிற்கிறதா என்று அதில் தெரிந்துவிடுகிறது. அவர் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் மற்றவர்கள் வசனத்தை என் குரலிலேயே போனில் பதிந்து, என் வரிகளுக்கு மட்டும் இடைவெளி விட்டு வைத்துக்கொள்வேன். குரோம்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கம் போவதற்குள் ஒரு காட்சியை நான்கைந்து முறை ஓட்டிவிடலாம். பெண்கள் பெட்டியில் உதடு மட்டும் அசைகிற ஒருத்தியைப் பார்த்து, ஸ்லோகம் சொல்கிறாள் என்று இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, இயக்குநரிடம் பேசியது. எங்கள் குழுவில் பலர் வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமாகாத பையன்கள். “தோழர், எல்லாரும் எல்லா நாளும் வந்தாத்தான் குழு உணர்வு வரும்” என்பது எங்கள் இயக்குநரின் கட்சி. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் இரண்டாம் காட்சியில் ஏழு நிமிடம் வருகிற நான், மற்ற காட்சிகளின் ஒத்திகைக்கெல்லாம் வந்து மூன்று மணி நேரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த நாட்களைக் கணக்குப் பார்த்து அவரிடம் காட்டினேன். கணக்குப் பிரிவில் இருந்த புத்தி எங்கே போகும். ஒரு நாடகத்தில் அப்படி 22 மாலைகள். இப்போது காட்சிவாரியாக அட்டவணை போடுகிறார். முதல் இரண்டு வாரம் வாசிப்புக்கும் கடைசி பத்து நாளுக்கும் எல்லோரும் வர வேண்டும், நடுவில் கூப்பிட்டவர் மட்டும். இதனால் அதிகம் பயனடைந்தவர்கள் ஐ.டி. வேலையில் இருக்கும் பையன்கள்தான். என்னை வைத்து அவர்கள் தப்பித்தார்கள்.

நடிக்க ஆரம்பிக்கிற அம்மாக்களுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான்: பாத்திரம் என்ன என்று கேட்பதற்கு முன்னால், எந்தெந்த நாள் முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் சொன்னால் அது சாக்காகத்தான் காதில் விழும். வாய்ப்பு போகலாம். எனக்கு இரண்டு முறை போயிருக்கிறது.

வருடத்துக்கு ஒரு நாடகம் என்று வரம்பு வைத்துக்கொண்டேன். ஒரு வருடம் இரண்டு ஒத்துக்கொண்டு பட்ட பாடு போதும்.

வீட்டுப் படிப்பைப் பொறுத்தவரை, பள்ளி மாதிரி ஆறு மணி நேரம் உட்கார வைக்க வேண்டியதில்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு வருடம் ஆனது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு அம்மா என்றால் மூன்று மணி நேரம் தாராளம். காலை எட்டரை முதல் பதினொன்றரை. அந்த நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கும், நாடகக் குழுவின் வாட்ஸப் செத்தாலும் பார்க்க மாட்டேன். மதியத்துக்கு மேல் அவரவர் பாடு. பெரியவள் வாரம் ஒரு நாள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போகிறாள். சின்னவனுக்கு அங்கே குழந்தைகள் பிரிவில் நிற்கிற பெரிய மரத்தடி போதும். ஒத்திகை முடிந்து நான் தாமதமாக வந்த இரவுக்கு மறுநாள் படிப்பு பத்து மணிக்குத் தொடங்கும். மணி அடிக்கிறவர் யாருமில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டிலேயே பெரிய சௌகரியம். அதைக் கூசாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். காட்சிக்கு முந்தைய வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு விடுமுறை என்று முன்பே அறிவித்துவிடுகிறேன். முன்பெல்லாம் அந்த வாரமும் படிக்க வைக்கிறேன் பேர்வழி என்று லைட் செட்டிங்குக்கு நடுவில் போனில் பின்னம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். யாருக்கும் பயனில்லை.

ஆனால் சௌகரியத்துக்கு ஒரு விலை உண்டு. பள்ளி என்றால் தேதியை ஞாபகப்படுத்த ஆள் இருக்கிறது. இங்கே நான்தான் எல்லாம். போன வருடம் பெரியவள் இரண்டு பாடம் எழுதுவதாக இருந்தாள். என்.ஐ.ஓ.எஸ்.ஸில் டி.எம்.ஏ. என்று ஒன்று உண்டு. வீட்டில் எழுதி அனுப்பும் பயிற்சித் தாள்கள், அதற்கு 20 சதவீத மதிப்பு. அவள் இரண்டையும் எழுதி முடித்து, ஊசி குத்தி, என் மேஜையில் வைத்திருந்தாள். ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியது மட்டும்தான் என் வேலை. அது நாடகத்தின் கடைசி வாரம். டெக்னிக்கல் ரிகர்சல் முடிந்து இரவு பதினொன்றுக்கு வந்து அரிதாரம்கூட முழுசாகத் துடைக்காமல் படுத்தேன். திடீரென்று எழுந்து உட்கார்ந்தேன். அன்றுதான் கடைசித் தேதி. போனில் படம் பிடித்து, பக்கம் பக்கமாகச் சேர்த்து, ஒரு பாடத்தை ஏற்றினேன். இன்னொன்றை ஏற்றுவதற்குள் மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது.

காலையில் அவளிடம் சொன்னேன். அழவில்லை, கத்தவில்லை. “நான் எழுதி வெச்சு ஒன்பது நாளாச்சு” என்றாள். அந்த ஒன்பதை அவள் எண்ணி வைத்திருந்தாள்.

அதிலிருந்து ஃபிரிட்ஜ் கதவில் தினக்காலண்டர் அட்டையின் பின்புறம் ஒரே அட்டவணை. ஒரு பத்தியில் என் ஒத்திகை, அடுத்ததில் அவள் தேதிகள். இரண்டும் ஒரே தாளில் இருக்க வேண்டும், தனித்தனியாக வைத்தால் மோதுவது தெரியாது. கடைசித் தேதி என்று எழுதுவதில்லை, அதற்குப் பத்து நாள் முந்தைய தேதியைத்தான் எழுதுகிறோம். பாஸ்வேர்டும் இப்போது அவளிடம். என் கையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லாததை ஏன் நான் வைத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

காய்ச்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டாவது காட்சி நாளில் சின்னவனுக்கு 102. கணவர் ஓசூரில். சின்னக் குழுக்களில் மாற்று நடிகர் என்று யாரும் கிடையாது, நான் போகாவிட்டால் காட்சி ரத்து. மருந்து கொடுத்து, டாக்டரிடம் காட்டி, அத்தையிடமும் கீழ்வீட்டு அக்காவிடமும் விட்டுவிட்டுப் போனேன். நன்றாகவே நடித்தேன். திரும்பி வந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான், காய்ச்சல் இறங்கியிருந்தது. இருந்தும், நான் போனது சரிதானா என்று இன்றைக்குக் கேட்டால் பதில் இல்லை. ரத்து செய்திருந்தாலும் எட்டுப் பேரின் இரண்டு மாத உழைப்பு மனதை அரித்திருக்கும். சில நாளுக்குச் சரியான பக்கம் என்று ஒன்று கிடையாது போல.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம், நாடகம் முடிந்த பிறகான வாரம். கைதட்டல், கட்டிப்பிடிப்பு, குரூப் போட்டோ. மறுநாள் காலை சிங்க்கில் பாத்திரம். இரண்டு மாதமாக யாரோ ஒருத்தியின் துக்கத்தைச் சுமந்துவிட்டு அவளை இறக்கி வைத்ததும் உடம்பு வெறுமையாகிவிடும், எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். பென்சில் சீவாததற்குச் சின்னவனைத் திட்டியிருக்கிறேன். ஆரம்பத்தில் இதை மறைக்க, விட்ட பாடத்தையெல்லாம் பிடிக்கிறேன் என்று அந்த வாரம் இரட்டிப்பாகப் படிக்க வைத்தேன். அதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. இப்போது அந்த வாரத்தில் கணக்குப் புத்தகத்தைத் தொடுவதில்லை. கதைப் புத்தகம், பல்லாங்குழி, ஒரு நாள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. அங்கே பழைய சாமான்களுக்கு நடுவே சின்னவன் எதையாவது பேரம் பேசிக்கொண்டு நிற்பான். அது கணக்குப் பாடம் ஆயிற்றே என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிவிடுவேன்.

பெரியவள் இப்போது ஒத்திகைக்கு அவளாக வருகிறாள், எப்போதாவது. லைட் போடும் அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் லைட் மாற வேண்டும் என்று குறிக்கும் கியூ ஷீட் எழுதுகிறாள். என்ன கற்றுக்கொண்டாய் என்று நான் கேட்பதில்லை. சின்னவனுக்கு நாடகம் பிடிக்காது. இருட்டில் ரொம்ப நேரம் உட்கார வேண்டியிருக்கிறதாம். அவன் வராமலே இருக்கட்டும்.

வரும் ஏப்ரலில் அவளுக்கு மூன்று பாடத் தேர்வு. அதே மாதம் எங்கள் புது நாடகம். ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு பத்தியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. இயக்குநர் பெரிய பாத்திரம் ஒன்றைச் சொன்னார், முடியாது என்றேன். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, “ஒரு கிழவி இருக்கா தோழர், ஒரே காட்சி, பண்ணுவீங்களா?” என்றார். பிரதியை வாங்கி எண்ணிப் பார்த்தேன். 11 வரி. அரிசி வரை போக வேண்டியதில்லை, உளுந்து அரைபடுகிற நேரமே போதும்.